நடைப்பையில் ஒரு .22

அமெரிக்காவில் காடு, மலை என்று சுற்றுபவர்கள் பையில் வைத்துக்கொள்ளவென்றே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1930களில் கொண்டுவந்த சின்ன .22 ரிவால்வர்தான் ‘கிட் கன்’. என்ன அழகான வேலைப்பாடு!

இதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் ஒளிந்திருக்கிறது. சுத்தி அந்த விளிம்பை ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும். அதனால் விசை கனக்கும். கட்டைவிரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுட்டால் விசை லேசாகிவிடும். சின்னத் தோட்டா என்பதால் உதையும் பெயருக்குத்தான். தகர டப்பாவைக் குறிபார்த்துப் பொழுதுபோக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படியொரு ரிவால்வரைத் தேர்ந்தெடுக்கும்போது தடுமாற வைப்பது எடை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கிட் கன்களில் அலுமினிய உடம்புள்ள ‘317’ மாடல் 350 கிராம்கூட இல்லை, ஏற்றத்தில் சுகம். ரூகர் நிறுவனத்தின் .22 ரிவால்வரான எஸ்பி101 எஃகு, சுமார் 850 கிராம். ஆனால் கையில் ஆடாமல் நிற்கும். நடைதான் பிரதானம் என்றால் 317, சுடுவதுதான் ஆசை என்றால் ரூகர். எதை எடுத்தாலும் காதடைப்பான் இல்லாமல் சுடாதீர்கள்.