யாழ்ப்பாணத்து வீட்டுக்கு எந்த இணைய வானொலி?

இணைய வானொலி, நிலையத்தின் ஒலியை வான்கம்பியால் பிடிக்காமல் இணையத்தின் வழியே வாங்கித் தருகிறது. கலையகத்தில் எழும் குரல் சுருக்கப்பட்ட தரவாகி ஒரு சேவையகத்துக்குப் போகிறது. கேட்பவரின் பெட்டி வீட்டு வைஃபை மூலம் அந்தச் சேவையகத்தின் முகவரியை எட்டி, சில விநாடிக்குரிய ஒலியை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு பாடத் தொடங்குகிறது. தூரம் இங்கே கணக்கில் வராது. கொழும்பு, சிங்கப்பூர், ரொறன்ரோ மூன்றும் ஒரே தெளிவோடு கேட்கும். ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைப்பதால் இணையத்தில் வரும் ஒலி நேரடி ஒலிபரப்புக்குச் சற்றுப் பிந்தியே வரும்; சில நிலையங்களில் இந்தப் பிந்தல் அரை நிமிடத்தையும் தொடும். செய்திக்கு முந்திய மணியோசையைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் பழைய பழக்கம் இதில் சரிவராது.

யாழ்ப்பாணக் குடாநாடு வானொலியை நம்பி வாழ்ந்த ஊர். இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டுத்தான் தூரத்து உறவுகளின் செத்தவீட்டுச் சேதி பல வீடுகளுக்குத் தெரியவந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து திருச்சி வானொலி மத்திய அலையில் வந்தது. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. 1990இல் போர் மறுபடி மூண்டு மின்சாரம் நின்று, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளானபோது, சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, அயலட்டை முழுவதும் கூடிநின்று கேட்கும். சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தியாளரின் குரலும் தளரும்.

அன்று கேட்ட அலைகள் பல இன்று இல்லை. 1941 மே 3ஆம் திகதி தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30உடன் வானொலிச் சேவையை முடித்துக்கொண்டது. பிலிப்பைன்சிலிருந்து வந்த வெரித்தாஸ், 2018 ஜூன் இறுதியில் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போனது. எஞ்சியிருக்கும் மத்திய அலையையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பொருட்கள் கெடுக்கின்றன. மலிவான எல்ஈடி விளக்கும் கைபேசி சார்ஜரும் எழுப்பும் மின்னிரைச்சல், வானொலியில் விடாத சீறலாகக் கேட்கிறது. பண்பலை இருக்கிறது, சூரியன், சக்தி போன்ற நிலையங்களைக் கேட்க இணையம் தேவையில்லை. ஆனால் மகள் ரொறன்ரோவிலும் மகன் சிட்னியிலும் இருக்கும் வீட்டில் கேட்க விரும்புவது அவ்வளவோடு நிற்பதில்லை. ரொறன்ரோவின் சி.எம்.ஆர்., அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ், சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. ரொறன்ரோவின் காலை 7 மணி இங்கே மாலை 4.30, அங்கே குளிர்காலம் வந்து கடிகாரத்தை மாற்றினால் 5.30. மகள் வேலைக்குப் போகும் வழியில் கேட்கும் நிகழ்ச்சியை, தாய் இங்கே மாலையில் கேட்கலாம்.

அந்தத் தாய்க்குக் கண்ணில் வெண்புரை இருக்கலாம். கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த விழிப்புலனற்ற ஒருவரோ, சுன்னாகத்தில் விழிப்புலனற்றோருக்கான வாழ்வகத்தில் வளர்ந்த ஒருவரோ அந்த வீட்டில் இருக்கலாம். எனவே இந்தக் கருவிகளை மதிப்பிடும்போது ஒலியின் தரத்தை இரண்டாவதாகவே வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, பிறர் உதவியின்றி, விரும்பிய நிலையத்தை எடுக்க முடிகிறதா என்பதே முதற்சோதனை. கடையில் வைத்தே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

கைபேசி ஏற்கெனவே கையில் இருப்பதால் பலரும் அதிலேயே தொடங்குகிறார்கள். ரியூன்இன், ரேடியோ கார்டன், ஆகாசவாணியின் நியூஸ்ஒன்எயார் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. அன்ரோயிட் கைபேசியில் உள்ள டோக்பேக் திரையிலிருப்பதைத் தமிழிலும் வாசிக்கும்; விரலை நகர்த்தினால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். இதிலே பழகியவருக்கு வேறு பெட்டியே தேவைப்படாது. பழகாத முதியவருக்கோ இது மலையேற்றம். பல வானொலிச் செயலிகளில் நிலையங்கள் வெறும் படங்களாக அடுக்கப்பட்டிருக்கும்; படத்துக்குப் பெயர் கொடுக்கப்படாததால் டோக்பேக் “பெயரிடப்படாத பொத்தான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லும். நடுவில் விளம்பரம் வந்து திரையை மறைத்தால், அதை மூடும் சிறு குறி எங்கே என்று விரல் தேடி அலையும். ரேடியோ கார்டனின் சுழலும் பூமிப்பந்து பார்ப்பவருக்கு அழகு, பார்க்காதவருக்கு அதனால் பயனில்லை. கைபேசிதான் ஒரே வழியென்றால், வேண்டிய சில நிலையங்களின் ஒலியோடை முகவரிகளை விஎல்சி செயலியில் ஒரு பட்டியலாக இட்டுக் கொடுப்பது நல்லது. அங்கே விளம்பரம் இல்லை, பெயர்களை டோக்பேக் ஒழுங்காக வாசிக்கும்.

டேற்றாச் செலவு பலர் அஞ்சுமளவுக்கு இல்லை. 64 கிலோபிற் வேகத்தில் வரும் ஒலியோடை மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி எடுக்கும். நாளுக்கு 4 மணிநேரம் கேட்டாலும் மாதம் மூன்றரை ஜிபிதான். 128 கிலோபிற் ஓடைக்கு இதன் இருமடங்கு. பேச்சுக்கும் செய்திக்கும் 32 கிலோபிற்றே போதும்; நாதஸ்வரக் கச்சேரிக்குத்தான் 128 வேண்டும்.

அடுத்தது, தனியாக வரும் வைஃபை வானொலி. பார்வைக்குப் பழைய றேடியோவைப் போலவே இருக்கும். முன்பக்கம் ஒலிபெருக்கி, சிறு திரை, ஒன்றிரண்டு திருகுகள், சில பொத்தான்கள். இருந்தும் பழைய பெட்டிக்குப் பழகிய கை இதில் தடுமாறும். பழைய திருகு இடக்கோடியில் ‘டிக்’ என்று அணையும், வலக்கோடியில் முட்டி நிற்கும். ஒலி எந்த அளவில் இருக்கிறதென்று விரலே சொல்லிவிடும். புதிய திருகு முடிவில்லாமல் சுற்றும். ஒலி குறைந்திருக்கிறதா, பெட்டியே அணைந்திருக்கிறதா என்று தெரியாது. மின்பொத்தானை அழுத்தியதும் வைஃபையைத் தேடி நிலையத்தை எட்டும்வரை பல விநாடிகள் சத்தமே வராது. திரையில் மட்டும் ஏதோ எழுத்து ஓடும். அதைக் காணாதவர், பெட்டி எழும்பவில்லை என்று எண்ணி மறுபடி அழுத்துவார். எழும்பிக்கொண்டிருந்த பெட்டி அணைந்துபோகும். மூன்றாம் முறையும் இதே நடக்கும். அழுத்தியவுடன் ஒரு சின்ன ‘பீப்’ எழுப்பும் பெட்டியாக இருந்தால் இந்த அவதியே இல்லை. இவ்வளவு சிறிய உதவியைக்கூடச் செய்யாத பெட்டிகள் சந்தையில் நிறைந்து கிடப்பது வருத்தத்துக்குரியது.

நினைவுப் பொத்தான்கள் இந்தப் பெட்டியின் உயிர். முன்பக்கத்தில் 1, 2, 3, 4 என்று நான்கு தனிப் பொத்தான்களாவது இருக்க வேண்டும். ஒரு பொத்தானைத் தொட்டால் ஒரு நிலையம். நினைவிடம் நாற்பது இருக்கிறது, ஆனால் திரைப் பட்டியலுக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் அந்த நாற்பதும் இல்லாததற்குச் சமம். இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் தொட்டுவிட்டால் நிலையம் வரும், அழுத்திப் பிடித்தால் அந்த நேரம் பாடிக்கொண்டிருக்கும் நிலையம் அங்கே பதிந்துவிடும். நடுங்கும் விரலும் விறைத்த விரலும் பொத்தானில் நீளத் தங்கும். ஒரு கிழமைக்குள் நான்கு பொத்தானிலும் ஒரே நிலையம் உட்கார்ந்திருக்கும். பதிவைப் பூட்டிவைக்கும் வசதி உண்டா என்று வாங்குமுன் கேட்க வேண்டும். பொத்தான்கள் ஒன்றுபோல் தட்டையாக இருந்தால், முதலாவதன் மேல் ஒரு துளி பசையை விட்டு உலரவிடுவது போதும். விரல் அந்தப் புடைப்பைத் தொட்டு மற்றவற்றை எண்ணிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத பலவீனம் ஒன்றும் இந்தப் பெட்டிகளில் உண்டு. நிலையங்களின் முகவரியைப் பெட்டி தானாக அறியாது. தயாரிப்பாளர் ஒப்பந்தம் செய்துள்ள ஓர் அடைவுச் சேவையிடம் கேட்டே அறியும். அந்த அடைவு மூடப்பட்டால், உடலில் ஒரு குறையும் இல்லாத பெட்டி ஊமையாகும். ரெசிவா அடைவு 2021 ஏப்ரல் 30ஆம் திகதி நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் அதை நம்பியிருந்த வானொலிகளுக்கு அதுவே நேர்ந்தது. 2019இல் ஃபிரொன்ரியர் சில்லுகளைக் கொண்ட பெட்டிகள் விரியூனர் அடைவிலிருந்து எயாரபிள் அடைவுக்கு மாற்றப்பட்டபோது பலருடைய விருப்பப் பட்டியல்கள் அழிந்தன. நிலையங்கள் பாதுகாப்பான எச்.ரி.ரி.பி.எஸ். முகவரிக்கு மாறும்போது பழைய பெட்டிகள் அவற்றைத் திறக்க இயலாமல் போவதும் உண்டு. ஆகவே பாவித்த பெட்டியை மலிவாக வாங்குவது இந்த வகையில் ஆபத்து. நாமே முகவரியை இட இடங்கொடுக்கும் பெட்டி, இடங்கொடாத பெட்டியைவிட எப்போதும் மேல்.

குடாநாட்டு வீடுகளுக்கு இவை பெரும்பாலும் கடை வழியாக வருவதில்லை, வெளிநாட்டிலிருந்து வருபவரின் சூட்கேசில் வருகின்றன. அன்போடு கொண்டுவந்த பெட்டி இங்கே பொருந்துமா என்று முன்னரே பார்ப்பது நல்லது. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விற்பவை டிஏபி என்ற எண்ம வானொலியை மையமாகக் கொண்டவை. குடாநாட்டில் டிஏபி ஒலிபரப்பே இல்லாததால் பெட்டி ஒன்றுமில்லாத வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கும். லண்டனிலிருந்து வந்தால் 13 அம்பியர் பிளக்காவது பொருந்தும். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, நம்முடையது 230. அடப்ரரின் முதுகில் ‘100-240’ என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே செருகலாம். வட அமெரிக்கப் பெட்டி மத்திய அலையில் 10 கிலோஹேர்ட்ஸ் படியாக நகரும், நம் பக்கத்து நிலையங்களோ 9இன் மடங்கில் நிற்பவை. திருச்சியின் 936உம் தூத்துக்குடியின் 1053உம் அந்தப் படிகளுக்கிடையில் விழுந்துவிடும். படியை மாற்றும் சுவிச் அல்லது அமைப்பு இல்லாத பெட்டியில் அவை தெளியாது.

அமேசனின் அலெக்சா போன்ற பேச்சுப்பெட்டிகள் கண்ணுக்கும் விரலுக்கும் வேலை வைப்பதில்லை. வாயால் கேட்டால் போதும். பார்வையற்றோருக்கு இதைவிட உகந்த ஏற்பாடு இல்லையென்று தோன்றும். ஆனால் அலெக்சா தமிழில் சொன்னால் ஏற்காது. ஆங்கிலத்தில், அதற்குப் பழக்கமான உச்சரிப்பில், நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கைவந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இது பொருந்தும், அவருடைய துணைவிக்குப் பொருந்தாமல் போகலாம். இணையம் நின்றால் இந்தப் பெட்டியில் பண்பலையும் இல்லை.

பார்வையற்றோருக்கென்றே செய்த வானொலிகள் வேறு. பிரித்தானியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1926ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பார்வையற்றோருக்கு வானொலி உரிமக் கட்டணத்தை நீக்கியது. 1929 நத்தார் தினத்தில் வின்ஸ்டன் சேர்ச்சில் வானொலியில் பேசி, அவர்களுக்கு வானொலிப்பெட்டி வழங்கும் நிதியத்துக்காகப் பணம் கேட்டார். அந்த நிதியம் இன்றும் இயங்குகிறது, ‘சொனாட்டா’ என்ற எளிய இணைய ஒலிப்பெட்டியையும் வழங்கியிருக்கிறது. அது அந்நாட்டில் வாழ்பவருக்கே உரியது. காசு கொடுத்து வாங்கக்கூடியதில் சங்கீன் பிஆர்-டி17 குறிப்பிடத்தக்கது. பொத்தான்கள் பெரியவை, தொட்டுணரக்கூடியவை. அழுத்துவதை ஆங்கிலத்தில் பேசிச் சொல்லும். இது பண்பலையும் மத்திய அலையும் மட்டுமே கொண்டது, இணையம் இல்லை. உள்ளூர் நிலையங்களோடு திருப்திப்படும் முதியவருக்கு விலையுயர்ந்த வைஃபை வானொலியைவிட இதுவே மேல்.

கரண்ட் விடயத்தைத் தனியே சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. புயல்காலத்துக் கார்த்திகை, மார்கழியில் குடாநாடு இருளில் மூழ்குவது புதிதல்ல. இணைய வானொலி ஒலிக்க வேண்டுமானால் பெட்டிக்கும் ரவுற்றருக்கும் மின்சாரம் வேண்டும், ஊரின் கைபேசிக் கோபுரமும் உயிரோடிருக்க வேண்டும். ரவுற்றருக்கென விற்கும் 12 வோல்ற்று சிறு யூபிஎஸ் சில மணிநேரம் தாங்கும். பெட்டி உள்ளே பற்றரியோடு வந்ததா, யூஎஸ்பியால் பவர் பாங்கில் ஓடுமா என்று பார்த்து வாங்கலாம். அதற்கும் மேலாக, அதே பெட்டியில் பண்பலை இருப்பது இந்த ஊரில் கட்டாயம். கோபுரம் விழுந்த இரவில் புயல் எச்சரிக்கையை அதுதான் கொண்டுவரும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குச் சந்தையில் எங்கும் கிடைக்கும் புளூடூத் பண்பலைப் பெட்டி கைகொடுக்கும். வீட்டிலுள்ள பேரப்பிள்ளை கைபேசியில் ரொறன்ரோ நிலையத்தை எடுத்துப் பெட்டிக்கு விடலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போனபின் பாட்டி பண்பலைக்கு மாறலாம். வாங்கும்போது பண்பலைக்கும் புளூடூத்துக்கும் தனித்தனிப் பொத்தான் உள்ளதைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒரே பொத்தானை மாறிமாறி அழுத்தி முறை மாற்றும் பெட்டியில் எந்த முறையில் நிற்கிறோம் என்று கையால் அறிய வழியில்லை.

வைஃபை வானொலியை வாங்கினால், முதல் இணைப்பைப் பார்வையுள்ள ஒருவர் செய்து கொடுக்க வேண்டியிருக்கும். கடவுச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் திருகைச் சுற்றித் தேடுவது கண்ணுள்ளவருக்கே பொறுமைச் சோதனை. கடவுச்சொல் இடாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் ரவுற்றரில் இருந்தால் அந்த வேலை மிச்சம். பல பெட்டிகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும், எனவே ரவுற்றரில் அது அணைக்கப்படாதிருக்க வேண்டும். தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் கொண்ட பழைய நாற்சார் வீடுகளில் தலைவாசலில் உள்ள ரவுற்றரின் அலை குசினிவரை போய்ச் சேராது. பெட்டி இருக்கப்போகும் இடத்தில் கைபேசியை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டே இடத்தை முடிவுசெய்ய வேண்டும். வேலை முடிந்ததும் நான்கு பொத்தான்களுக்குரிய நிலையப் பெயர்களையும் முகவரிகளையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது அவசியம். அடைவு மாறினாலோ பதிவு அழிந்தாலோ, வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அயல்வீட்டுப் பெடியன் அதைப் பார்த்துத் திரும்பப் பதிந்து கொடுப்பான்.