எஞ்சின் தட்டுவதை எப்படிக் கேட்பது?

பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டின் தடதடப்புக்கு மதுரையில் ரசிகர்கள் ஏராளம். அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு சத்தத்தைப் பிரித்துக் கேட்பவர்கள் குறைவு. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். தகர டப்பாவில் சில்லறை குலுங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தால், பட்டறையில் ‘எஞ்சின் தட்டுது’ என்பார்கள். நாக்கிங் என்பது இதுதான்.

பிளக் பற்றவைத்த நெருப்பு சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும். அது போய்ச் சேருவதற்குள், மூலையில் மிஞ்சிய பெட்ரோல் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவர்களுக்கிடையே மோதி மோதித் திரும்புகிறது. புல்லட் 350இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. அந்த அகலத்துக்குக் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 8,000 அதிர்வுகள். அதனால்தான் ‘தொம்’ என்றில்லாமல் கிணுகிணுவென்று கேட்கிறது. வயதாக ஆக முதலில் மங்குவது இந்த உச்ச சுருதிகள்தான். பழுத்த மெக்கானிக்கும் இதற்கு மட்டும் பட்டறைப் பையனின் காதைக் கடன் வாங்கலாம், தப்பில்லை.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்று கேளுங்கள். வண்டி நிற்கும்போதும் டிக் டிக் என்று ஒரே தாளத்தில் வந்தால் டாப்பெட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் தேய்ந்து ஆடுகிறது. அடிவயிற்றிலிருந்து கனமாக இடித்தால் கனெக்டிங் ராடு பேரிங். அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள். நாக்கிங் இழுவையில்தான் வரும், ஆக்சிலேட்டரைத் தளர்த்தியதும் போய்விடும்.

இழுவைக்குச் சமவெளிச் சாலை போதாது. திண்டுக்கல்–நத்தம் சாலையிலிருந்து பிரியும் சிறுமலைப் பாதை நல்ல இடம்: 18 கொண்டை ஊசி வளைவுகள், சத்தத்தைத் திருப்பித் தரும் மலைச்சரிவு. சித்திரை மாதப் பிற்பகல் இன்னும் உசிதம். எஞ்சின் உறிஞ்சும் காற்றே கொதிப்பதால் ஒளிந்திருந்த நாக்கிங்கும் வெளியே வரும். சத்தம் காதில் விழுந்ததும் கியரைக் குறைத்துவிடுங்கள். கேட்டுக்கொண்டே ஏறினால் பிஸ்டனின் தலை ஓட்டையாகிவிடும்.

டியூனிங் பைத்தியங்களுக்கு இங்கேதான் சுவாரசியம். டைமிங்கை முன்னுக்குத் தள்ளினாலும் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டினாலும் வேகம் கூடும், நாக்கிங்கும் நெருங்கும். தட்டும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்தத் தெரிந்தவரே கெட்டிக்காரர். ஒரு காலத்தில் இந்தச் சத்தத்தை அடக்கவே பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அமெரிக்கப் பொறியாளர் மிட்ஜ்லி 1921இல் கண்டுபிடித்த வழி அது. இந்தியாவில் ஒழிய 2000 ஆனது. இப்போது கலக்கும் எத்தனாலும் ஆக்டேனை, அதாவது பெட்ரோல் தட்டாமல் தாங்கும் திறனை, உயர்த்துகிறது, ஈயத்தின் நஞ்சு இல்லாமல்.

கம்ப்யூட்டரின் டைமிங் கணக்கை மாற்றி ரீமேப் செய்த கார்களில் காதின் வேலையை எஞ்சின் பிளாக்கில் திருகிய சென்சார் செய்கிறது. ஆனால் அதற்குக் கேட்பது அதிர்வு மட்டுமே. புதிதாக மாட்டிய சைலன்சர் சேஸியில் உரசினாலும் அதை நாக்கிங் என்று நம்பி கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், வண்டி மந்தமாகும். லேப்டாப்பைத் திறக்குமுன் கையால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பவரையே நான் நம்புவேன்.

லாரிப் பக்கம் போனால் நியாயம் தலைகீழ். டீசல் எஞ்சினுக்குத் தட்டுவதே இயல்பு. சூடான காற்றில் பீய்ச்சிய டீசல் பற்றிக்கொள்ளக் கணநேரம் தாமதிக்கிறது. அதற்குள் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிகிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் தாமதமும் கூடும். பெட்ரோல் வண்டிக்குச் சித்திரை என்றால் டீசலுக்கு மார்கழி விடியற்காலை.

பழைய லேலண்ட் லாரியில் ஒரு சிலிண்டர் மட்டும் ஓங்கித் தட்டினால், ஐடிலிங்கில் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது: 1,000 பாரையும் தாண்டக்கூடிய அழுத்தத்தில் இருக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அந்த எஞ்சினில் தட்டுவதும் குறைவு. முதலில் துளியளவு பீய்ச்சி நெருப்பை உண்டாக்கிவிட்டு, பிறகுதான் மீதியை விடுகிறார்கள்.