குவளையும் பொன்டெடேரியாவும்: நீர்ப்பூப் பெயர்மயக்கம் குறித்து

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு ஆம்பல், குவளை, நெய்தல் ஆகியவற்றைத் தனித்தனிப் பூக்களாக எண்ணுகிறது. உரைமரபில் சுனைக்குவளை குறிஞ்சிக்குரிய கருப்பொருள். நெய்தலோ கடற்புலத்துக்கு உரியது. பூ மாறின் திணை மாறும். நீலநிற நீர்ப்பூ எதனையும் குவளை எனக் கொள்ளும் வாசிப்பு இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

பூர்வகுடி மொழியில் ‘பூக்களின் இடம்’ எனப் பொருள்படும் பெயருடைய சிட்னியின் கிரவீனில் வளரும் தமிழ்ச் சிறார்க்கு, தோட்டக்குளத்துப் பொன்டெடேரியா கோர்டேட்டாவைக் காட்டிக் குவளை கற்பித்தல் பொருந்தாது. அது அமெரிக்கத் தாவரம். இலைகள் நிமிர்ந்து நிற்க, பூக்கள் கதிராகத் திரளும். குவளையோ மிதக்கும் இலைகளிடையே காம்புக்கொன்றாய் மலரும் அல்லியினம்.

பொன்டெடேரியாவின் உறவாகித் தமிழ்நாட்டு ஏரிகளை மூடும் தென்னமெரிக்கக் களைக்கு, சித்த மருத்துவத்தில் பிஸ்டியாவைச் சுட்டிய ‘ஆகாயத்தாமரை’ என்னும் பெயர் சென்றதும் இத்தகைய மயக்கமே. புதிய பூவுக்குப் புதிய பெயரே தகும். குவளை குவளையையே சுட்டி நிற்கவேண்டும்.