தாத்தா ஏன் எப்போதும் அழுதுகொண்டே வருகிறார்?

தோட்டத்துக் கதைகளில் வருகிற தாத்தாவை நமக்கு நன்றாகத் தெரியும். ஊரில் பஞ்சம். கங்காணி வந்து ஆசை காட்டுவான். மரத்தைக் கீறினால் காசு கொட்டும் என்று நம்பி அவர் கப்பல் ஏறுவார். காடழிப்பார், பால் வெட்டுவார், துரையிடமும் கிராணியிடமும் உதை வாங்குவார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போவார். திரும்பி வந்தால் கள்ளுக்கடை, வராவிட்டால் காட்டிலேயே சாவு. ஒரு நாவலின் தாத்தாவைத் தூக்கி இன்னொரு நாவலில் உட்கார வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. இவ்வளவும் நடந்ததுதான். என் பிரச்சினை வேறு. என் வயதுக்காரர்கள் பலர் இப்போது குடும்ப வரலாறு தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பாட்டியின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்கிறார்கள், பழைய பிறப்புப் பத்திரங்களை ஸ்கேன் பண்ணுகிறார்கள், விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போய்க் குலதெய்வக் கோயில் எங்கே என்று விசாரிக்கிறார்கள். தேடப் போகும்போது கையில் இருக்கிற அச்சு இந்தத் தாத்தாதான். அச்சில் அடங்குகிற தகவல் சேர்ந்துகொள்கிறது. அடங்காதது காதில் விழுவதே இல்லை. அந்த அச்சை நமக்குக் கொடுத்தது இலக்கியம் என்பதால் இதை இலக்கியப் பிரச்சினையாகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களில் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. தலைப்பிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. அதிலிருந்து 2013இல் பாலாவின் 'பரதேசி' வந்தது. நம் பக்கத்தில், மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே'. பிறகு சயாம் ரயில் நாவல்கள்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'.

சயாம் நாவல்களைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. 1942க்கும் 1943க்கும் இடையில் 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், புல் வெட்டி, பூச்செடி வைத்து. அதே பாதையில் செத்த ஆயிரக்கணக்கான மலாயாத் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ரெங்கசாமியும் சண்முகமும் செய்தது கல்லறை கட்டுகிற வேலை. அதை அரசாங்கம் செய்யவில்லை, தோட்டக் கம்பெனிகள் செய்யவில்லை, இரண்டு எழுத்தாளர்கள் செய்தார்கள். ஆனால் கல்லறையில் யாரும் இறந்தவரின் கடன்பாக்கியை எழுதுவதில்லை. அந்த மரியாதை சாவுக்குப் பொருந்தும். வாழ்ந்த காலம் முழுவதையும் அதே மரியாதையோடு எழுதும்போது ஆள் காணாமல் போய்விடுகிறார்.

ஆவணங்களும் நமக்கு உதவவில்லை. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் பதிவில் இருக்கும். மனிதரைச் சரக்குபோலக் குறித்து வைத்த அந்த அதிகாரிகளின் புண்ணியத்தில், இன்றைக்கு டர்பனில் இருக்கிற ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் தழும்பைப் படிக்க முடிகிறது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நின்றது. அதற்குப் பிறகு, 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை, தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி மூலமாகவோ அதே பாதையைப் பிடித்துத் தாங்களாகவோ வந்தவர்கள். கங்காணிக்கு ஆள்களைத் தெரியும், ஆள்களுக்குக் கங்காணியைத் தெரியும். பட்டியல் அவன் மண்டையில் இருந்தது. அவனோடு போயிற்று.

ஜொகூரில் தேடுகிறவனுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. அந்தக் காலத்து மாநில அரசாங்கத்தின் காகிதங்கள் பெரும்பாலும் மலாயில், ஜாவி எழுத்தில். தோட்டத்துக் கணக்கு ஆங்கிலத்தில். கோயில் கணக்கு தமிழில். ஒரே முனியாண்டி மூன்று எழுத்தில் மூன்று ஆளாக இருப்பார். 1948இல் அவசரகாலம் வந்து எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தபோது, பிறந்த தேதி தெரியாதவர்களுக்குக் குத்துமதிப்பாக ஏதோ ஒன்றைப் போட்டார்கள். போதாக்குறைக்கு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அனாக் லெலாக்கி என்று தகப்பன் பெயர் ஒன்று, அவ்வளவுதான். என் அடையாள அட்டையில் தாத்தா இல்லை, அப்பாவின் அட்டையில் கொள்ளுத்தாத்தா இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் கயிறு அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது.

ஆவணம் இல்லாத இடத்தைக் கதை நிரப்பும். அது இயல்பு. எந்தக் கதை நிரப்புகிறது என்பதுதான் கேள்வி. ஏமாந்து வந்தவர், திரும்ப முடியாதவர் என்கிற கதையை எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட ஆய்வின்படி 1786க்கும் 1957க்கும் இடையில் மலாயாவுக்குள் வந்த இந்தியர்கள் 40 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதியினர் திரும்பிப் போனார்கள். 'ரஜூலா' கப்பல் 1926லிருந்து அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடந்துகொண்டே இருந்தது. கல்யாணத்துக்குப் போனார்கள், காரியத்துக்குப் போனார்கள், நிலம் வாங்கப் போனார்கள், சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். இங்கேயே தங்கியவர் ஏதோ ஒரு நாளில் தங்குவது என்று தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானத்தை நம் நாவல்களில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இந்த இடத்தில் இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் எனக்கு உதவின. ஒன்று கெடாவின் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981). அதில் வரும் பெரியாத்தாள் என்ற பாட்டி மூன்று பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறாள். பாத்திரத்துக்கு ஈயம் அடைக்கிறாள், துணி விற்கிறாள், வீடு கட்டுகிறாள். நிலம் அவள் பேருக்கு வரவே இல்லை. அவளுக்கும் துன்பம் உண்டு. ஆனால் படித்து முடித்தபின் நினைவில் நிற்பது அவள் பிடிவாதம். மணியம் அவளுக்காக நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை.

இன்னொன்று கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த காயுத்ரா பகதூர் எழுதிய 'கூலி வுமன்' (2013). புனைவு இல்லை, தேடல். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903இல் கல்கத்தாவில் 'கிளைட்' என்ற கப்பலில் ஏறுகிறாள். கர்ப்பிணி. கூடப் புருஷன் இல்லை. ஆவணம் சொல்வது அவ்வளவுதான். ஏன் கிளம்பினாள்? துரத்தப்பட்டாளா, ஓடிப்போனாளா, கடத்தப்பட்டாளா, விதவையா? பகதூர் பதிலைக் கண்டுபிடித்ததாகப் பாவனை செய்வதில்லை. கேள்விகளாகவே அடுக்கிக்கொண்டு போகிறார். முதல் தடவை படிக்கும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறியியல் படித்தவனுக்கு விடை வேண்டும். இரண்டாம் தடவைதான் புரிந்தது: அந்தக் கேள்விகளில் ஒன்றையாவது பதிலாக மாற்றியிருந்தால் சுஜாரியா இன்னொரு பரிதாபமான பாட்டியாகச் சுருங்கியிருப்பாள். தெரியாததைத் தெரியாததாகவே விட்டதில் அவளுக்கு ஒரு மனசு இருந்தது என்பது பாக்கியாக இருக்கிறது.

நம்முடைய அச்சில் அந்த மனசுக்கு இடமில்லை. 'ஏமாந்து வந்தார்' என்று சொல்லும்போது இரக்கப்படுகிறோம், கூடவே அவர் எடுத்த முடிவையும் பிடுங்கிக்கொள்கிறோம். ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருவிலிருந்து கிளம்பியவருக்குக் கங்காணியின் வார்த்தை பொறியாகவும் இருந்திருக்கும், கதவாகவும் இருந்திருக்கும். வறுமை துரத்தியது என்று எல்லாருக்கும் ஒரே காரணம் எழுதும்போது, யார் எதிலிருந்து தப்பித்து வந்தார்கள் என்பது அழிந்துவிடுகிறது. அழிவது யாருக்கு வசதி என்றும் கேட்க வேண்டும். நாவலின் தாத்தாவுக்குப் பல நேரம் சாதி இருக்காது, அவர் வெறும் தமிழர். ஆனால் ஆர். கே. ஜெயின் 1970இல் வெளியிட்ட தோட்ட ஆய்வைப் புரட்டினால் சாதியும் கப்பலேறி வந்து லயத்தில் குடியேறியது தெரியும். யார் எந்த லயத்தில் இருந்தார்கள், யார் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டால் பாட்டிமார் சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். இங்கே சாதி இல்லப்பா என்பார்கள். அடுத்த வாரம் பொண்ணு பார்க்கப் போகும்போது விசாரிப்பார்கள். குலதெய்வம் எது என்று கேட்பதே பாதி அந்த விசாரணைதான். ஆகவே ஊருக்குப் போய்க் குலதெய்வம் தேடுகிற நண்பர்கள் தாங்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே போவது நல்லது.

எங்கள் குடும்பத்தில் சித்தப்பாவும் நானும் ஒரு குடும்ப மலர் தயாரிக்கிறோம். குளுவாங்கில் ஃபேமிலி டே, எல்லாருக்கும் ஒரே நிற டீசட்டை, அன்றைக்குக் கொடுக்க ஒரு புத்தகம். வரைபடம் போடுவது என் வேலை. அதற்கென்று இருக்கிற மென்பொருள் வாங்கிப் போட்டதும் முதல் சிக்கல் வந்தது. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதில் ஒரே சொல், அங்கிள். மாமா மகளைக் கட்டலாம், சித்தப்பா மகள் தங்கச்சி. இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நம் உறவுமுறையே நிற்கிறது. அத்தை மகனைக் கட்டிய பாட்டியைப் போட்டவுடன் கிளை சுற்றி வந்து தண்டிலேயே முட்டியது. இது மரமே இல்லை, வலை. மேலே ஓர் ஆண், அவனுக்குக் கீழே கட்டங்கள் என்று வரைகிற மரத்தில் பெண்கள் ஓரத்தில் தொங்குகிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கலைச் சின்னப்பாட்டி கொண்டுவந்தார். கொள்ளுத்தாத்தா பால்வெட்டுத் தொழிலாளி, கஷ்டப்பட்டு முன்னேறியவர் என்று முதல் பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தோம். வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவரு எங்கடா பால் வெட்டினாரு? கங்காணி கூட ஊருக்குப் போயி ஆள் கொண்டாந்தவரு" என்றார். கங்காணிக்கு ஆள் சேர்த்ததற்குக் கமிஷன், அந்த ஆள்கள் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. அந்தக் காசில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. நாவலில் ஆசை காட்டுகிற அந்த வில்லனுக்குப் பக்கத்தில் ஒரு பையன் நிற்பானே, அவன் எங்கள் தாத்தா. அவனுக்குக் கதையில் வசனம் கிடையாது.

சின்னப்பாட்டி அதோடு நிறுத்தவில்லை. "ஊர்ல ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருந்தா. ரெண்டு மூணு வருசம் காசு அனுப்பினாரு. அப்புறம் எங்கம்மாவைக் கட்டிக்கிட்டாரு." பேர் என்ன என்று கேட்டேன். யாரும் கேட்கலையே என்றார்.

ஒருவர் கப்பல் ஏறும்போது கரையில் நிற்கிறவர் ஒருவர் இருப்பார். நம் புலம்பெயர் எழுத்து முழுக்கக் கப்பலின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. காசு வருவது நின்றுபோன வீட்டிலிருந்து மலாயாவைப் பார்த்தால் எங்கள் தாத்தா எப்படித் தெரிவார்? இதை எழுதப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. தெரியாத பெயரைத் தெரியாத பெயராக வைத்துக்கொண்டே எழுதலாம். பகதூர் எழுதிக் காட்டியிருக்கிறார்.

நான் வரைபடத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன். உள்ளே பெயர் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் கட்டத்தோடு ஒரு கோடு மட்டும். கீழே கிளை இருந்ததா என்றும் தெரியாததால் ஒரு புள்ளிக்கோடு. வாட்சப் குழுவில் அனுப்பினேன். ஒரு மாமா, "நல்ல நாளில் இது எதற்கு?" என்று கேட்டார். ஓர் அத்தை தனியாக அழைத்து, கட்டத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னார். கங்காணி விஷயத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா முதல் பக்கத்தைத் திரும்ப எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு முன்பு அச்சுக்குப் போகணும். இதுவரை வரவில்லை.