சோழர் காலப் பட்டங்களும் அவற்றைப் படித்த மரபும்

பட்டப்பெயர்களைப் பற்றி எழுதித்தர வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. கழகத்துப் பெரியவர்கள் முன் நின்று பேசும் பணிவோடுதான் எழுதுகிறேன். ஏனாதி, காவிதி, எட்டி என்ற சங்ககாலப் பட்ட வரிசையை உறுப்பினர்கள் நன்கறிவர். நேராகச் சோழர்களிடம் வந்துவிடுகிறேன்.

பெருந்தரம், சிறுதரம் என்பவற்றை அதிகாரிகளின் மேல்தரம், கீழ்த்தரமாகக் கொண்டது நீலகண்ட சாஸ்திரியார் வழி. 1978-இல் கராஷிமா, சுப்பராயலு, மட்சுய் மூவரும் சோழக் கல்வெட்டுப் பெயர்த் தொகுதிகளை வெளியிட்டபின், எண்ணிப் பார்த்து முடிவு சொல்லும் வழி வலுப்பெற்றது. மூவேந்தவேளான் பெரிதும் நிலமுடைய வேளாளருக்கு, பிரமமாராயன் பிராமணருக்கு என்பதெல்லாம் இன்று கைக்கெட்டுவது அந்த உழைப்பால்தான்.

எங்கள் ஆசிரியர் இரு வழியையும் மதித்தவர். ஆனால் அவருக்கு முதலில் கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி எடுத்த மைப்படி, பிறகுதான் கொள்கை. படியைத் தரையில் விரித்து, ஓரங்களில் கல் வைத்து, ஒருவனுடைய பெயர் முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். தஞ்சைப் பெரிய கோயில் ஸ்ரீகார்யம் (நிர்வாகம்) பார்த்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான்: இதில் ஊருரிமை, தந்தை பெயர், தன் பெயர், அதன்பின் அரசன் தந்த பட்டம். ‘ஆன’ வந்ததும் நிறுத்தச் சொல்வார். அதற்கு முன் இருப்பது பிறப்பால் வந்தது, பின் இருப்பது அரசனால் வந்தது. திருச்சுற்று மாளிகை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் இராமனுக்கு மும்முடிசோழ பிரமமாராயன் என்ற பட்டம் வந்தது, ராசராசனின் மும்முடிச்சோழன் என்ற பெயரிலிருந்து. யாருடைய ஆட்சியில் ஒருவன் உயர்ந்தான் என்பதற்குப் பட்டமே பல இடங்களில் தடயம்.

உடையார்குடிக் கல்வெட்டை நாங்கள் எத்தனை முறை படித்திருப்போம்! சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லும் அதே சாசனம், ரவிதாசனைப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும் பரமேஸ்வரனை இருமுடிசோழ பிரமாதிராஜன் என்றும் பட்டத்தோடே குறிக்கிறது. நிலம் பறிபோனது, பட்டம் கல்லில் நின்றது. அக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்குண்டோ என்று சாஸ்திரியார் கொண்ட ஐயமும் அதற்குப் பண்டாரத்தார் சொன்ன மறுப்பும் நம்மவர்க்குப் புதிதல்ல. ‘பஞ்சவன்’ பாண்டியனைக் குறிக்கும் சொல் என்பதை மட்டும் வைத்து ரவிதாசனைப் பாண்டிய ஒற்றனாக்கிவிட முடியாது என்பார் ஆசிரியர். அடுத்த பெயரிலேயே சோழப் பட்டம் இருக்கிறதே.

இப்போது எழுதுவோரில் நல்லவர்கள் பலர் உண்டு, எவரையும் சுட்டவில்லை. ஆயினும் அச்சிட்ட பாடத்தைக் கைபேசியில் பார்த்து, ‘ஆன’வை விட்டுவிட்டு, ஒருவரை இருவராக்கும் பட்டியல்கள் பெருகிவிட்டன. நான் அனுப்பிய ஒரு பெயர்ப்பட்டியலிலும் அச்சில் அத்தனை ‘ஆன’வும் காற்புள்ளியாகியிருந்தன. சேனாபதி ஒருவர், பிரமமாராயர் வேறொருவர்! இதை அச்சுப்பிழை என்று தள்ள என்னால் முடியாது. இருவரானவருக்கு நிலக்கொடையும் இரண்டாகும், பரம்பரையும் இரண்டாகும். பிறகு அந்தப் பரம்பரையைத் தம் சாதிக்கு உரிமை கொண்டாடி ஒரு கூட்டம் பலகை வைக்கும். அரசன் தந்த பட்டத்தைச் சாதிப்பெயராகப் படிக்கும் வழக்கம் ஆய்வேடுகளிலும் நுழைந்துவிட்டது. அந்த ஏடுகளைத் திருத்துவோர்க்கே மைப்படி பழக்கமில்லை. இப்படியே போனால் சோழ வரலாறே கையைவிட்டுப் போய்விடும்.

பெரியவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே. நம் இதழுக்கு வரும் கட்டுரை எதுவாயினும், பட்டம் வரும் வரியின் மைப்படியை உடன் கேட்டு வாங்குங்கள். தராதவர் கட்டுரையை, எவ்வளவு வேண்டியவர் ஆனாலும், திருப்பி அனுப்புங்கள்.