வேலூரில் கிடைத்த இரண்டு எண்கள்

2008ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், வேலூரை அடுத்த கிராமங்களைப் பற்றி இரண்டு எண்கள் இருக்கின்றன. 65 வயதைத் தாண்டியவர்களில் மறதிநோய் உள்ளவர்கள் 0.3 விழுக்காடு என்கிறது ஒன்று. பத்து விழுக்காட்டுக்கும் மேல் என்கிறது இன்னொன்று. ஊர் அதேதான், ஆட்களும் அவர்களேதான். நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் விதி மட்டும் வேறு. முதல் எண்ணை நம்பினால் ஆயிரம் முதியவர்களில் மூன்று பேருக்கு நோய். இரண்டாவதை நம்பினால் நூறு பேருக்கு மேல். நீரிழிவிலோ காசநோயிலோ இப்படியொரு இடைவெளி வந்திருந்தால் யாரும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். முதியோர் மனநலத்தில் மட்டும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கண்டும் காணாமல் கடந்துகொண்டிருக்கிறோம்.

ஆய்வை நடத்தியது ‘10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு’. லண்டனைச் சேர்ந்த மார்ட்டின் பிரின்ஸ் முன்னின்று நடத்த, திருச்சூரில் கே.எஸ். ஷாஜி, வேலூரில் கே.எஸ். ஜேக்கப் போன்றவர்கள் உடன் உழைத்தார்கள். உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற கணக்கிலிருந்து பிறந்த பெயர் அது. ஏழு நாடுகளில் பதினோரு இடங்களில் ஏறத்தாழ 15,000 முதியவர்களை வீடுவீடாகப் போய்ச் சந்தித்தார்கள். இந்தியாவில் சென்னை நகரமும் வேலூர்க் கிராமங்களும் அதில் அடக்கம். மருத்துவமனைக்கு நடந்து வருபவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய காரியம்.

அதன் அருமையை உணர, அதற்கு முன் எதைக் கொண்டு அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் உருவாக்கிய எம்.எம்.எஸ்.இ. என்ற சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். 24க்குக் கீழே போனால் சந்தேகம். தேதி கேட்பார்கள், எந்த மாடியில் இருக்கிறோம் என்று கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். வாழ்நாளில் பென்சிலைத் தொடாத ஒரு பாட்டி இதில் எத்தனை வாங்குவாள்? மூளை நல்ல நிலையில் இருந்தாலும் அவள் தோற்றுப்போவாள். பள்ளிக்கூடம் போனாளா என்பதைத்தான் அந்தத் தாள் கண்டுபிடித்திருக்கும்.

இந்த அநியாயத்தை இந்தியாவில் கையிலெடுத்துச் சீர்செய்யப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஹரியானாவின் பல்லப்கரில் வேலைசெய்த இந்திய அமெரிக்க ஆய்வுக் குழுவினர். 1995இல் வெளிவந்த அவர்களுடைய இந்தி வடிவத்தில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது போய், இருபதிலிருந்து மும்மூன்றாகக் கழிப்பது வந்தது. எழுதச் சொல்வதற்குப் பதில், ‘உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்’ என்றார்கள். ‘கண்ணை மூடு’ என்று தாளில் எழுதிக் காட்டாமல், தாங்கள் கண்ணை மூடிக் காட்டி அதேபோலச் செய்யச் சொன்னார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த அக்கறை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்துக் கேள்வியை மாற்றியிருக்கிறார்கள்.

10/66 குழு கையாண்ட சி.எஸ்.ஐ.-டி. கேள்வித்தொகுப்பு கனடாவின் கிரீ பழங்குடியினரிடமும் நைஜீரியாவின் இபாதான் நகரிலும் உருப்பெற்றது. முழங்கையைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்பதற்கும், சுத்தியல் எதற்கு என்று கேட்பதற்கும் எழுத்தறிவு வேண்டாம். சிட்னியில் 2004இல் வந்த ‘ருடாஸ்’ சோதனையில் மளிகைப் பட்டியல் இருக்கிறது: டீ, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு. கேரளத்தில் அதன் மலையாள வடிவத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். அதிலும் ஒரு கனசதுரத்தை வரையச் சொல்லும் பகுதி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வருத்தம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எம்.எம்.எஸ்.இ. இன்று பதிப்புரிமைக்கு உட்பட்ட விற்பனைப் பொருள். ‘மோக்கா’ சோதனையைக் கையாளவும் கட்டணம் கட்டிச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கிறது. ஏழை நாட்டு அரசு மருத்துவமனையில் முதியவரிடம் பத்துக் கேள்வி கேட்பதற்கு உரிமத்தொகையா என்ற கோபம் எனக்கு அடங்கவில்லை.

ஆனால் வேலூரில் அந்த இரண்டு எண்களையும் பிரித்தது முதியவரிடம் கேட்ட கேள்விகள் மட்டுமில்லை. வீட்டாரிடம் கேட்ட கேள்விகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

சிறிய எண்ணைத் தந்தது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-4 விதி. அதன்படி, நினைவு குறைந்தால் மட்டும் போதாது. அந்தக் குறை ஒருவருடைய அன்றாட வேலையையும் நாலுபேரோடு பழகுவதையும் கெடுத்திருக்க வேண்டும். கெட்டிருக்கிறதா என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். குடியாத்தம் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருத்தி இப்படிக் கேள்வி கேட்டதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என்ன தேதி என்றதற்குப் பாட்டி, “அமாவாச போயி நாலு நாளாச்சு” என்றாள். சரியான பதில். ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லை. பக்கத்தில் நாற்காலியில் இருந்த மகன், “அம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே” என்று முடித்துவிட்டார். மாணவியும் அப்படியே எழுதிக்கொண்டாள். தண்ணீர் கொண்டுவந்த மருமகள் வாசற்படியில் நின்றபடியே, கணவர் எழுந்து போன பிறகு சொன்னார்: “ரெண்டு வருசமா அத்தைய அடுப்பாண்ட விடறதில்லம்மா. பால வச்சிட்டுப் போயிடுவாங்க. சாயங்காலமானா எங்கம்மா ஊட்டுக்குப் போவணும்னு பைய எடுத்துக்கினு கெளம்பிடுவாங்க.”

அந்த 0.3 விழுக்காட்டுக்கான விளக்கம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சமையலை மருமகள் எடுத்துக்கொண்டாள், ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான், பென்ஷன் பணத்தை மகன் வாங்கி வருகிறார். பாட்டியிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அவளால் எதுவும் முடியாமல் போனது யார் கண்ணிலும் படுவதில்லை. குடும்பம் அன்போடு செய்யும் ஏற்பாடே நோயை மூடி மறைக்கிறது. முதியவரின் பதிலையும் வீட்டார் தரும் தகவலையும் சேர்த்து எடைபோடும் 10/66 முறை இந்த மறைப்பை ஓரளவு விலக்குகிறது. அதன் தலையாய பலமாக நான் காண்பது இதைத்தான். சென்னையில் இம்முறைப்படி நோயுள்ளவர்கள் எனக் குறிக்கப்பட்டவர்களை மூன்றாண்டுகள் கழித்துத் தேடிப் போனபோது, அவர்களில் பலர் இறந்திருந்தார்கள். இருந்தவர்களில் பலரும் மேலும் நலிந்திருந்தார்கள். குறித்தது வெறும் முதுமையை இல்லை என்பதற்கு அது வலுவான சான்று.

அதற்காகப் பெரிய எண்ணை அப்படியே ஏற்கவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காது கேட்காதவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மாட்டார். கண்புரை முற்றியவர் காட்டிய பொருளுக்குப் பெயர் சொல்ல மாட்டார். கணவனை இழந்து ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எதைக் கேட்டாலும் “தெரியல” என்பார். மூவரும் குறைந்த மதிப்பெண்தான் வாங்குவார்கள், மூவருக்கும் தேவையானது மூன்று வேறு சிகிச்சைகள். பள்ளி வாசல் மிதிக்காதவர்களுக்குச் சாதகமாக எவ்வளவு திருத்தினாலும், அந்நியர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து வரிசையாகக் கேள்வி கேட்பதே பள்ளிக்கூடப் பழக்கம். அந்தக் கூச்சமும் மதிப்பெண்ணில் இறங்கும். 2024இல் லான்செட் ஆணையம், கோட்பாட்டளவில் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. கேளாமை, பார்வைக் குறை, மனச்சோர்வு மூன்றும் அதில் உண்டு. நோய்க்கு வழிவகுப்பதும் அவையே, சோதனையைக் குழப்புவதும் அவையே. அப்படியிருக்கக் காதையும் கண்ணையும் பார்க்காமல் நினைவைச் சோதிக்கத் தொடங்குவது எனக்குப் புரியாத அவசரம்.

இந்தியா முழுவதற்குமான கணக்கு 2023இல் வந்தது. லாசி-டாட் ஆய்வின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காடு, சுமார் 88 லட்சம் பேர். பெண்களிலும் கிராமத்தாரிலும் படிக்காதவர்களிலும் அதிகம். திரட்டிய தகவலை மருத்துவர்கள் இணையவழியில் பார்த்துத் தரம் பிரித்தார்கள். முதியவரை நேரில் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் திண்ணையில் யார் பதில் சொன்னார் என்ற கேள்வி அந்தத் தரவுக்குள்ளும் புதைந்துதான் கிடக்கும்.

எண்ணி முடித்த பிறகு என்ன செய்தோம் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி இருப்பவை கொஞ்சம்தான். அவற்றில் கோவாவில் அமித் டயஸ் குழு நடத்திய சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2008இல் வெளியான அந்த ஆய்வில் 81 குடும்பங்கள். சிறப்பு மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்குப் போனார்கள். இது என்ன நோய், ராத்திரி எழுந்து நடந்தால் என்ன செய்வது, திட்டினால் எப்படிப் பொறுப்பது என்று உட்கார்ந்து பேசினார்கள். மனநல மருத்துவர் பின்னணியில் இருந்தார். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. நோயாளியின் செயல்திறனில் அப்படிச் சொல்லும்படி மாற்றம் இல்லை. சிலர் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. குணமாக்க வழியில்லாத நோயில், இரவு முழுக்க விழித்திருக்கும் பெண் உடைந்துபோகாமல் இருப்பதே நோயாளிக்கும் கிடைக்கும் பாதுகாப்பு. மனச்சோர்விலும் அங்கே நம்பிக்கை தரும் முடிவு கிடைத்திருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில் 181 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். சாதாரண ஆலோசகர்களின் துணை கிடைத்தவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கும், கிடைக்காதவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் கடும் மனச்சோர்வு வந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். ஒரு மாவட்டம் முழுக்க விரித்தால் இதே பலன் நிற்குமா என்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும்.

செய்து பார்க்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஷாஜி குழு 2002இலேயே திருச்சூரில் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மறதிநோய் இருக்கலாம் என்று தோன்றுபவர்களை அடையாளம் காட்டச் சொன்னது. அவர்கள் காட்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நோய் இருப்பதை மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். ஊரில் யார் வீட்டு அடுப்பங்கரையிலும் உரிமையோடு நுழையக்கூடிய பெண்களுக்கு இந்தக் கண் இருப்பதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் தன்னார்வலர்கள் இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்த இரு நோய்களும் மேலே சொன்ன பதினான்கில் இருப்பவை. ஒரு முறை வந்து படிவம் நிரப்பிப் போகும் ஆய்வாளரைப் போலில்லாமல் இவர்கள் அடுத்த முறையும் வருவார்கள். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, நினைவைப் பற்றிய சில எளிய கேள்விகளை முதியவரிடம் கேட்கலாம். பிறகு வீட்டில் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுபவர் யாரோ, அவரிடம் தனியாகப் பேச வேண்டும். அதற்கு ஒரு வீட்டுக்கு அரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்துக்கு உரிய ஊதியத்தையும், சந்தேகம் வந்தால் அனுப்பிவைக்க வட்டார மருத்துவமனையில் மாதம் ஒருநாளாவது ஒரு மனநல மருத்துவரையும் அரசு ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே கேள்வித்தாளை அச்சடிக்க வேண்டும்.