இறுவட்டுப் போரும் விளையாட்டுப் பொறியும்

ஒரே தொழிலைச் செய்யவல்ல இரு பொருள்கள் ஒரே காலத்திற் சந்தைக்கு வந்து, ஒன்று நிலைபெற மற்றையது மறையுமாயின், நிலைபெற்றதே சிறந்தது என்று கொள்ளுதல் மக்கள் இயல்பு. 2006 ஆம் ஆண்டு தொடக்கம் 2008 ஆம் ஆண்டு வரை உயர்தெளிவுத் திரைப்பட இறுவட்டின் பொருட்டு யப்பானியக் கொம்பனிகள் இரண்டின் தலைமையில் நிகழ்ந்த போட்டியைப் பற்றியும் இம்முடிபே பெரிதும் வழங்குகின்றது. சோனி முதலியோர் ஆக்கிய புளூ-ரே வென்றது. தொஷிபா முதலியோர் ஆக்கிய எச்.டி. டி.வி.டி. தோற்றது, ஆகவே புளூ-ரேயே மேலானது என்பர். அவ்வாறன்று, பிளேஸ்ரேஷன் 3 என்னும் விளையாட்டுப் பொறியினுள்ளே புளூ-ரேயை வைத்து விற்ற சூழ்ச்சியே வென்றது என்பாருமுளர். பின்னையோர் கூற்று உண்மைக்கு அணித்தானது. எனினும், அவ்வெற்றிக்குச் சோனி கொடுத்த விலையை அவர்கள் கணக்கிடாது விடுகின்றனர். அதனையுஞ் சேர்த்து நோக்குமிடத்தே வென்றது யாது, இழந்தது யாது என்பன புலனாகும்.

முதற்கண் இரு தட்டுக்களின் தன்மையை ஆராய்வோம். பழைய டி.வி.டி. இறுவட்டைப் படிக்கும் செந்நிற லேசரின் அலைநீளம் 650 நானோமீற்றர். புதிய இரண்டும் 405 நானோமீற்றர் அலைநீளமுடைய நீல ஊதா ஒளியைக் கொண்டன. அலைநீளங் குறுகக் குறுக ஒளிப்புள்ளி சிறிதாகும்; புள்ளி சிறிதாகவே, அதே பரப்பில் மிகுதியான செய்தியைப் பொறித்தல் இயலும். இத்துணையும் இரண்டிற்கும் பொது. வேற்றுமை வில்லையிலும் மேற்படையிலும் உண்டாயிற்று. புளூ-ரேயை ஆக்கியோர் ஒளியை மிகக் கூர்மையாகக் குவிக்கும் வில்லையைக் கொண்டனர். அதற்கு ஏற்பச் செய்தி பொறித்த படையை மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில் அமைத்தனர். அதனால் ஒரு படையில் 25 கிகாபைற்றும், இரு படையில் 50 கிகாபைற்றும் அடங்கின. எச்.டி. டி.வி.டி.யோ பழைய டி.வி.டி.யைப் போலவே 0.6 மில்லிமீற்றர் ஆழத்தைக் கொண்டது. அதன் கொள்ளளவு ஒரு படைக்கு 15, இரு படைக்கு 30 கிகாபைற்று.

கொள்ளளவை மாத்திரம் நோக்கின் தீர்ப்புக் கூறுதல் எளிது. ஆயின் 0.1 மில்லிமீற்றர்ப் படை கீறலுக்கு எளிதில் இரையாவது. 2003 ஆம் ஆண்டு யப்பானிற் சோனி விற்ற முதற்பொறியின் இறுவட்டுக்கள் உறைப்பெட்டிக்குள் அடைத்தே வழங்கப்பட்டன. கடினமான மேற்பூச்சு ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அவை உறை துறந்தன. மறுபுறத்தில், எச்.டி. டி.வி.டி.யைப் பழைய தொழிற்சாலைகளிற் சிறிது மாற்றஞ் செய்தே அச்சிடலாம். புளூ-ரேக்கோ புதிய பொறிகள் வேண்டும். இன்னும், தொஷிபாவின் பொறிகள் யாவும் தொடக்கத்திலேயே இணையத்தொடர்பும், படத்தினுள் மற்றொரு படங் காட்டும் வசதியும் உடையனவாதல் வேண்டும் என்பது அதன் விதி. புளூ-ரே அணியினர் அவ்வசதிகளைப் படிப்படியாகவே வகுத்தமையால், முதலில் வாங்கியோரின் பொறிகள் பல பின்னர் வந்த வசதிகளைப் பெறமாட்டாதனவாயின. உலகை மூன்று மண்டலங்களாகப் பகுத்து, ஒரு மண்டலத்தில் விற்ற தட்டு மற்றொரு மண்டலத்துப் பொறியில் இயங்காதவாறு தடுக்கும் பூட்டும் புளூ-ரேயில் உண்டு. எச்.டி. டி.வி.டி.யில் அஃது இல்லை. யப்பானில் வாங்கிய தட்டை இந்தியாவிற் போட்டுப் பார்க்க விரும்புவானுக்கு எது மேலானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கொள்ளளவிற் குறைந்தது எனினும், வாங்குவான் பக்கம் நின்று நோக்குமிடத்துத் தோற்ற தட்டு இழிந்ததன்று.

இரு திறத்தாரும் முன்னரே ஒரு முறை எதிர்நின்றவர்கள். 1995 ஆம் ஆண்டு டி.வி.டி.க்கு முன்னோடியாகச் சோனியும் பிலிப்ஸும் ஒரு தட்டையும், தொஷிபாவும் வோர்ணரும் மற்றொரு தட்டையும் முன்வைத்தன. கணினிக் கொம்பனிகள் இடைப்புகுந்து, இரண்டு வேண்டா, ஒன்றே வேண்டும் என வற்புறுத்தின. பிறந்த உடன்பாட்டிலே தட்டின் அமைப்பு பெரும்பாலும் தொஷிபா பக்கத்ததாயிற்று. ஓர் அமைப்பு நிலைபெறின் அதன் ஆக்கவுரிமைப் பணம் பல்லாண்டுகள் வந்துகொண்டிருக்கும். அதனை ஒருமுறை விட்டுக்கொடுத்தோர் மறுமுறையும் விட்டுக்கொடுப்பாரல்லர். 2005 ஆம் ஆண்டு இரு தட்டுக்களையும் ஒன்றாக்கும் பொருட்டு நிகழ்ந்த பேச்சு முறிந்தமை வியப்பன்று. இதில் நகைத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. பிளேஸ்ரேஷன் 3 இன் மூளையாகிய 'செல்' என்னும் சில்லை 2001 ஆம் ஆண்டு தொடக்கம் சோனியோடும் ஐ.பி.எம்.மோடுங் கூடி ஆக்கியது தொஷிபாவே. தன்னை வீழ்த்தப்போகும் பொறிக்கு அக்கொம்பனி தானே உறுப்பளித்தது.

2006 ஆம் ஆண்டு ஏப்பிரலில் தொஷிபாவின் பொறி அமெரிக்காவில் 499 டொலருக்கு வந்தது. யூன் மாதத்தில் வந்த சம்சுங்கின் புளூ-ரேப் பொறி 999 டொலர். விலை இரு மடங்கு. படமோ அதற்குத் தக்கதாய் இல்லை. முதலில் வெளிவந்த புளூ-ரேத் திரைப்படங்கள் பல ஒற்றைப் படைத் தட்டில், பழைய சுருக்கும் முறையாற் பொறிக்கப்பட்டமையின், கொள்ளளவின் மேன்மை திரையில் விளங்கிற்றில்லை. தனிப் பொறிகளை மாத்திரம் கடைத்தட்டில் வைத்து மக்கள் தெரிந்தெடுத்திருப்பாராயின் முடிவு வேறாகியிருக்கவுங் கூடும்.

அவ்வாண்டு நவம்பரிற் பிளேஸ்ரேஷன் 3 வந்தது. விலை 499 டொலரும் 599 டொலரும். விளையாட்டுப் பொறிக்கு இது பெருவிலை. புளூ-ரேப் பொறிக்கோ மிகக் குறைந்த விலை. ஏனைய புளூ-ரேப் பொறிகள் பழையனவாகிக் கழிய, இஃதொன்று மென்பொருள் மாற்றத்தாற் புதிய வசதிகளைப் பெற்றுக்கொண்டே வந்தது. பெருங்கதையிலே உதயணனைச் சிறைப்பிடித்தற்குப் பிரச்சோதனன் விடுத்த யந்திர யானையை இங்கு நினைத்தல் தகும். யானை வேட்கையால் அணுகினான் அரசன். அதன் வயிற்றுள் இருந்தோர் வீரர். விளையாட்டு வேட்கையால் வாங்கினர் இளைஞர். அதன் வயிற்றுள் இருந்தது தட்டு. 2007 ஆம் ஆண்டு முடிவில் உலகெங்கும் அனுப்பப்பட்ட பிளேஸ்ரேஷன் 3 பொறிகள் ஒரு கோடி அளவின. எச்.டி. டி.வி.டி.யை இயக்கும் பொறிகளோ யாவுஞ் சேர்ந்து பத்து இலட்சம் அளவினவே. பொறி வாங்கியோருள் ஒரு பகுதியினரே திரைப்படத் தட்டு வாங்கினும், அப்பகுதியே மற்றையோரின் முழுத்தொகையை ஒத்து நிற்கும்.

எதிரணியில் மைக்ரோசொவ்ற் நின்றது. ஆயின் பாதி மனத்தோடு நின்றது. அதன் எக்ஸ்பொக்ஸ் 360 ஓராண்டு முந்தி, 2005 நவம்பரில், 299 டொலருக்கும் 399 டொலருக்கும் வந்தபோது அதனுள் இருந்தது பழைய டி.வி.டி.யே. எச்.டி. டி.வி.டி. வேண்டுவோர் 2006 நவம்பர் தொடக்கம் 199 டொலர் கொடுத்துத் தனிப்பெட்டி ஒன்றை வாங்கிப் பக்கத்தே இணைத்தல் வேண்டும். அப்பெட்டியும் திரைப்படத்துக்கன்றி விளையாட்டுக்கு உதவாது. விளையாட்டை ஆக்குவோர் பழைய தட்டின் கொள்ளளவோடு அமைதல் வேண்டியதாயிற்று. 'லொஸ்ற் ஒடிசி' என்னும் விளையாட்டு நான்கு தட்டுக்களில் வந்தது. இதனைத் தொஷிபாவுக்கு இழைத்த இரண்டகம் என்று கூறுவோர் உளர். அது பிழை. மைக்ரோசொவ்ற்றுக்கு இறுவட்டு ஒரு துணைப்பொருள்; விளையாட்டுச் சந்தையே அதன் போர்க்களம்.

2007 ஆகஸ்ற்றிற் பரமவுண்ட் எச்.டி. டி.வி.டி. பக்கஞ் சேர்ந்தது. யூனிவேர்சல் முன்னரே அங்கிருந்தது. டிஸ்னியும் பொக்ஸும் சோனியின் சொந்தப் படமனையும் மறுபக்கத்தன. இரண்டிலும் படம் விற்ற பெருமனை வோர்ணர் ஒன்றே. 2007 நவம்பரில் தொஷிபாவின் பொறியொன்று அமெரிக்காவில் நூறு டொலருக்குங் குறைவாக விற்கப்பட்டபோதும், திரைப்படத் தட்டு விற்பனையிற் புளூ-ரே முந்தியே நின்றது. 2008 சனவரி 4 ஆம் நாள் வோர்ணர் புளூ-ரேயையே கொள்வதாக அறிவித்தது. பெப்ரவரி 15 ஆம் நாள் வோல்மாட் கைவிட்டது. 19 ஆம் நாள் தொஷிபா பின்வாங்கியது. வோர்ணரின் அறிவிப்பே போரை முடித்தது என்பது நாட்குறிப்பின்படி சரியே. ஆயின் வோர்ணர் நோக்கிய விற்பனைக் கணக்கு விளையாட்டுப் பொறி வாங்கியோரால் ஆனது என்பதை மறத்தலாகாது.

இனிச் சோனி கொடுத்த விலை யாது? 2000 ஆம் ஆண்டு வந்த பிளேஸ்ரேஷன் 2 டி.வி.டி.யையும் இயக்கியது. அதுவே இம்முறைக்கும் முன்மாதிரி என்பர். இவ்வொப்புமை பொருந்தாது. டி.வி.டி. அப்பொழுதே போட்டியின்றி நிலைபெற்ற தட்டு. அது பொறியின் விலையை உயர்த்தாது, அதனை விற்பதற்கு உதவியது. 2000 இல் தட்டுப் பொறியைச் சுமந்தது. 2006 இல் பொறி தட்டைச் சுமந்தது. சுமையின் பாரம் உடனே தெரிந்தது. நீல லேசர்ச் சில்லுத் தட்டுப்பாட்டால் ஐரோப்பிய விற்பனை 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று. முதலிற் கிடைப்பனவாக அறிவிக்கப்பட்டவை யப்பானுக்கு ஒரு இலட்சம், அமெரிக்காவுக்கு நான்கு இலட்சமே. செலவிலுங் குறைந்த விலைக்கு விற்று இழப்பையும் சோனி ஏற்றது. பிளேஸ்ரேஷன் 2 தன் வாழ்நாளில் 15 கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்ரேஷன் 3 எட்டுக் கோடியைச் சிறிது கடந்து நின்றது. முதல் எக்ஸ்பொக்ஸ் இரண்டரைக் கோடியைத் தானும் எட்டாதது. எக்ஸ்பொக்ஸ் 360 எட்டுக் கோடியைத் தாண்டிற்று. உயர்தெளிவையே நாடாது, திரைப்பட இறுவட்டு எதனையும் இயக்காது, 249 டொலருக்கு வந்த நின்ரெண்டோவின் 'வீ' பத்துக் கோடிக்கு மேல் விற்று இரண்டையும் பின்தள்ளியது. சில்லின் கடினமும் வருகையின் தாமதமும் இதற்குக் காரணமாயின என்பது மெய்யே. ஆயினும் தாமதத்துக்கும் விலைக்கும் ஒரு பெருங்காரணம் அத்தட்டே அன்றோ? விளையாட்டுச் சந்தையில் தனக்கிருந்த தனியரசைச் செலவிட்டே சோனி இறுவட்டை வாங்கியது எனல் மிகையாகாது.

வாங்கிய பொருளும் நீடிக்கவில்லை. நெட்பிளிக்ஸ் இணையவழியே திரைப்படங் காட்டத் தொடங்கியது 2007 சனவரியில். அஃதாவது, போர் உச்சத்தில் இருந்தபொழுதே. தோற்ற தொஷிபா 2009 இல் தானே புளூ-ரேப் பொறி விற்றது. மைக்ரோசொவ்ற் 2013 இன் எக்ஸ்பொக்ஸ் ஒன்றில் அதனை அமைத்தது. 2020 நவம்பரில் பிளேஸ்ரேஷன் 5 வந்தபோது அதன் ஒரு வகையில் இறுவட்டுக்கு வாயிலே இல்லை. பதிவு செய்தற்குரிய வெறும் புளூ-ரேத் தட்டுக்களின் ஆக்கத்தைச் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. எச்.டி. டி.வி.டி. வாங்கியோரிடம் உள்ள படங்கள் அவர்களது பழைய பொறி பழுதுறாது இயங்குமளவும் அவர்களுடையனவே. இணையவழிப் படத்துக்குப் பணங் கொடுப்போன் கையிலோ, உரிமை பெற்ற கொம்பனி அதனை நீக்கிய நாளில், அத்தகைய தட்டுத்தானும் இராது.